ஈயம் பிடிக்கவில்லை என்றால்: கடலோரப் பட்டறைகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

சால்டரிங் சரியாக வரவில்லை என்றதும் பலரும் முதல் வேலையாகக் கடைக்குப் போய் வேறு ஈயம் (பற்றவைக்கும் சால்டர் கம்பி) வாங்கி வருகிறார்கள். பெரும்பாலும் கோளாறு ஈயத்தில் இருப்பதில்லை. பற்ற வேண்டிய உலோகம் சுத்தமாக இருக்காது, அல்லது அதில் போதிய சூடு ஏறியிருக்காது. கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம், தேங்காய்த்திட்டு, வீராம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய இடங்களில் முதல் காரணம்தான் முந்திக்கொள்ளும். உப்புக்காற்றில் மாதக்கணக்கில் திறந்து கிடந்த பாகங்களின் கால்கள் பார்வைக்கு நன்றாகவே தெரியும். ஆனால் மேலே ஒரு படலம் படிந்திருக்கும். அதைத் தாண்டி ஈயம் உலோகத்தைத் தொடவே முடியாது. அதனால் கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் பரப்பைப் பாருங்கள், அடுத்து சூட்டை, கடைசியாகத்தான் ஈயத்தை.

நல்ல ஜாயின்ட் எப்படி உருவாகிறது என்று ஒருமுறை கிட்டப் பார்த்து வைத்துக்கொண்டால் கெட்டதைக் கண்டுபிடிப்பது எளிது. ஈயம் பூசிய பிட்டை (அயர்னின் நுனி), பேடும் (போர்டில் உள்ள செம்புத் திட்டு) பாகத்தின் காலும் சேரும் மூலையில் இரண்டையும் தொடும்படி வைக்கிறோம். ஒரு விநாடி. பிட்டுக்கு எதிர்ப்புறத்திலிருந்து ஈயக் கம்பியைக் காலில் தொடுகிறோம். கம்பியின் நடுவில் இருக்கும் ரோசின் என்னும் பிசின் (படலத்தை நீக்கி ஈயத்தைப் படர வைக்கும் ஃப்ளக்ஸ்) முதலில் உருகி மெல்லிய புகையோடு பரவும். அதன் பின்னாலேயே ஈயம் ஓடி, காலைச் சுற்றி வந்து, பேடின் ஓரம்வரை படர்ந்து, நடுவில் சற்றுக் குழிந்து நிற்கும். கம்பியை முதலில் எடுக்க வேண்டும், பிட்டைப் பிறகு. மொத்தம் 2 முதல் 4 விநாடி. அதன்பின் ஈயம் உறையும்வரை போர்டை அசைக்கக் கூடாது, ஊதவும் கூடாது.

ஈயம் உருகுகிறது, ஆனால் உருண்டு நிற்கிறது

தாமரை இலைத் தண்ணீர்போல ஈயம் ஒட்டாமல் நின்றால் அந்தப் பரப்பு அழுக்கு. சூட்டைக் கூட்டிப் பயனில்லை. சூடு கூடக் கூடப் படலமும் தடிக்கும்.

ஈயம் எதன்மேல் பிடிக்கவில்லை என்று பாருங்கள். காலில் படர்ந்து பேடில் படராமல் இருந்தால் பேடைச் சுத்தம் செய்ய வேண்டும். மாறி இருந்தால் காலை. கால் என்றால் பிளேடின் முதுகால் நாலு பக்கமும் இழுத்துச் சுரண்டி, துளி ஃப்ளக்ஸ் வைத்து, போர்டில் செருகும் முன்பே தனியாக ஈயம் பூசிவிடுங்கள். பேட் என்றால் பென்சில் ரப்பர், அதற்கும் அசையாவிட்டால் 600-ஆம் நம்பர் எமரித் தாள். பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து உடனே வேலையை முடியுங்கள். காலையில் சுரண்டி வைத்துச் சாயங்காலம் பற்றவைக்கலாம் என்று விட்டால், அதற்குள் விரல் வியர்வையும் காற்றும் பழைய கதைக்குக் கொண்டுபோய்விடும்.

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கும் பழைய ரிலே, டிரான்ஸ்ஃபார்மர், கனெக்டர் எதுவானாலும் கால் சுத்தமாக இல்லை என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

படகு ஒயர்களில் இது வேறு மாதிரி வரும். இன்சுலேஷனைச் சீவினால் உள்ளே செம்பு கன்னங்கரேலென்று இருக்கும். ஈரம் இழைகளுக்கு இடையே ஏறி நெடுந்தூரம் போயிருக்கும். வெட்டிக்கொண்டே போய்ச் செம்பு நிறம் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். அரை அடி வெட்டியும் கறுப்பாகவே இருந்தால் அந்த ஒயர் சால்டரிங்குக்கு ஆகாது, மாற்ற வேண்டியதுதான். புதிதாகப் போடும்போது ஒவ்வோர் இழையும் வெள்ளீயம் பூசிய மெரைன் ஒயராகக் கேட்டு வாங்குங்கள்.

சில உலோகங்களில் எவ்வளவு சுரண்டினாலும் ரோசின் வேலைக்கு ஆகாது. அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இரண்டும் அப்படித்தான். அங்கே ஸ்க்ரூ அல்லது லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை) போடுங்கள். லித்தியம் செல்லின் முனையில் நேரடியாக அயர்ன் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் சீல் சூட்டில் கெட்டு செல் ஆபத்தாகிவிடும். நிக்கல் பட்டை ஸ்பாட் வெல்டிங் செய்த செல்லாக வாங்கி, பட்டையில் மட்டும் பற்றவையுங்கள்.

பிட் கறுத்துவிட்டது, அதில் ஈயமே ஒட்டவில்லை

அயர்னைச் சும்மா சூட்டில் போட்டு வைத்ததன் பலன். வேலை இல்லாத 5 நிமிடத்துக்குக்கூட சுவிட்சை அணையுங்கள். அணைக்கும் முன் பிட்டில் ஒரு துளி ஈயத்தை விட்டுவையுங்கள். அடுத்தமுறை சூடானதும் அதைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

அரம் போடலாமா என்பது பிட்டைப் பொறுத்தது. விலை குறைந்த 25 வாட் அயர்ன்கள் பலவற்றில் வெறும் செம்பு பிட்தான் வரும். வெள்ளீயம் சூட்டில் செம்பைக் கரைக்கும். அதனால் நுனியில் குழி விழும். அதை அரத்தால் தேய்த்து, பளிச்சென்று ஆனதும் உடனே சூடாக்கி ஈயம் பூசலாம். நல்ல பிட்களில் இந்தக் கரைதலைத் தடுக்கவே செம்பின் மேல் இரும்புப் பூச்சு இருக்கும். காந்தம் நன்றாக இழுத்தால் அது பூச்சுள்ள பிட். அதில் அரமோ எமரியோ பட்டால் பூச்சு போய்விடும், அதோடு பிட்டும் முடிந்தது. கறுத்துப்போனால் பித்தளைச் சுருளில் குத்திக் குத்தித் துடைத்து, ஃப்ளக்ஸோடு புது ஈயத்தில் புரட்டுங்கள். இரண்டு மூன்று முறையில் வெள்ளை திரும்பும். ஸ்பான்ஜ் வைத்திருந்தால் நனைத்து நன்றாகப் பிழிந்து வையுங்கள்; கடலோரப் போர் தண்ணீரைத் தவிர்த்து ஆர்ஓ தண்ணீரை விடுங்கள்.

ஈயம் சோம்பலாக உருகுகிறது, பிட்டை எடுத்தால் கூர்கூராக இழுக்கிறது

இது சூட்டுப் பற்றாக்குறை. மூன்று இடத்தில் தேடுங்கள்.

முதலாவது கரண்ட். ரெகுலேட்டர் இல்லாத 25 வாட் அயர்ன் 230 வோல்ட்டுக்குச் செய்தது. சாயங்காலத்தில் வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் சக்தி சுமார் 15 வாட்தான். வோல்டேஜ் குறையும் விகிதத்தின் இருமடிக்கு சக்தி குறையும். காலையில் நன்றாக வேலை செய்த அயர்ன் ராத்திரி இழுப்பதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து சாக்கெட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். வெப்பநிலை வைக்கக்கூடிய ஸ்டேஷன் இருந்தால் இந்தத் தொல்லை குறைவு: காரீயம் உள்ள ஈயத்துக்கு 320 முதல் 350 டிகிரி, காரீயம் இல்லாததற்கு 350 முதல் 380.

இரண்டாவது சீலிங் ஃபேன். புழுக்கம் தாங்காமல் ஃபேனை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு அதன் நேர்கீழே பற்றவைப்பது இங்கே வழக்கம். காற்று பிட்டையும் குளிர்விக்கும், உறைந்துகொண்டிருக்கும் ஈயத்தையும் குளிர்விக்கும். ஃபேனை நிறுத்திவிட்டு, மேசையின் ஓரத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஃபேனை, புகையை உங்களிடமிருந்து வெளிப்பக்கம் உறிஞ்சும்படி வையுங்கள். வருகிற புகை காரீயத்தின் ஆவி இல்லை, இந்தச் சூட்டில் அது அப்படி எழாது; அது ரோசின் புகை. ஆனாலும் நாள்பட உள்ளே போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. காரீயம் உடம்புக்குள் போவது கை வழியாகத்தான். ஈயம் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் டீ கிளாஸைத் தொடாதீர்கள். சாப்பிடும் மேசையில் இந்த வேலை வேண்டாம்.

மூன்றாவது, போர்டே சூட்டைக் குடித்துவிடுவது. கிரவுண்ட் செம்பு அகலமாக ஓடும் இடங்கள், இன்வர்ட்டரின் தடித்த டிராக்குகள், மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டரின் முதுகு ஆகிய இடங்களில் கூர் பிட் எவ்வளவு சூடானாலும் தோற்கும். வெப்பநிலையை 450-க்கு ஏற்றுவது தவறான மருந்து. 60 வாட் அயர்னும் 3 மி.மீ.க்குக் குறையாத உளி வடிவ பிட்டும் எடுத்து, பழைய ஈயத்தில் கொஞ்சம் புது ஈயம் சேர்த்து, முழு அகலமும் படும்படி வையுங்கள். ஹாட் ஏர் இருந்தால் போர்டை முதலில் 100 டிகிரிக்குச் சூடேற்றிக்கொள்ளலாம்.

ஜாயின்ட் மங்கலாக, சொரசொரப்பாக இருக்கிறது

இங்கேதான் ஈயத்தைப் பற்றிப் பேச வேண்டும். எந்த ஈயம் என்று தெரியாமல் மங்கல் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது.

63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தது 183 டிகிரியில் ஒரேயடியாக உருகும், அதே 183-இல் ஒரேயடியாக உறையும். இடையில் கூழ் நிலை கிடையாது. ஆகவே அசைந்து கெடுவதற்கு வாய்ப்பு குறைவு. கையால் செய்யும் பழுது வேலைக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். 60/40 உருகி முடிய 190 டிகிரி வரை போகும். வித்தியாசம் சிறிது, அதுவும் நல்லதே. இந்த இரண்டிலும் ஜாயின்ட் மங்கினால் அது உறையும்போது அசைந்தது அல்லது சூடு போதாதது. துளி ஃப்ளக்ஸ் வைத்து மறுபடி உருக்குங்கள்.

புதிய கருவிகளில் கம்பெனியிலேயே வரும் காரீயமில்லா ஈயம் இயல்பிலேயே சற்று மங்கல்தான். சேக் 305 என்ற வகையில் 96.5 பங்கு வெள்ளீயம், 3 பங்கு வெள்ளி, 0.5 பங்கு செம்பு; உருகுவது 217 முதல் 220 டிகிரி. வெள்ளீயமும் செம்பும் மட்டும் உள்ள மலிவு வகை 227. இவற்றில் நிறத்தை விட்டுவிட்டு, ஓரம் பேடோடு சமமாகப் படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பழுது பார்க்கும்போது பழையதை விக் (ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல்) வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு 63/37 போடுவதே சுத்தமான வேலை.

60/40 என்று லேபிள் ஒட்டிய கம்பியில் காரீயம் கூடுதலாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், பீங்கான் தட்டில் கடலைப்பருப்பு அளவு உருக்கி அயர்னை எடுத்துவிட்டுக் கவனியுங்கள். நல்லது சட்டென்று உறையும். 40/60 என்றால் 238-இலிருந்து 183 வரை கூழாகவே கிடக்கும். அந்த நேரத்தில் குச்சியால் தொட்டால் மணல்போல நகரும். அந்தக் கம்பியைப் போர்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

தடிமன் நம் கடைகளில் எஸ்டபிள்யூஜி (கம்பித் தடிமன் எண்) கணக்கில் கிடைக்கும். 22 என்றால் 0.71 மி.மீ., பொது வேலைக்கு அது போதும். சின்ன சர்ஃபேஸ் மவுண்ட் பாகங்களுக்கு 24, அதாவது 0.56. இன்வர்ட்டர் ஒயர், லக் போன்றவற்றுக்கு 18, அதாவது 1.22. நடுவில் ரோசின் உள்ளதா என்று கேட்டே வாங்குங்கள். ரோசின் இல்லாத கட்டி ஈயம் வேறு வேலைக்கு.

எல்இடி பல்பு பழுது பார்க்கிறவர்கள் செம்பு பேட்கள் உள்ள அலுமினியத் தட்டில் அயர்ன் சூடு ஏறாததால் 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் பேஸ்ட்டை நாடுகிறார்கள். வேலை சுலபம், ஆயுள் குறைவு. பிஸ்மத் ஈயம் நொறுங்கும் தன்மை உடையது. தட்டில் ஏற்கெனவே காரீயம் உள்ள ஈயம் இருந்து அதோடு கலந்துவிட்டால், சுமார் 96 டிகிரியிலேயே உருகும் கலவை உள்ளே உருவாகலாம். மூடிய பல்புக்குள் எல்இடி தட்டு அதற்குப் பக்கத்தில் போய்விடும். தட்டைக் கவிழ்த்த இஸ்திரிப் பெட்டியிலோ ஹாட் பிளேட்டிலோ சூடேற்றி 63/37 போடுவதே நிலைக்கும்.

கருவி ஓடுகிறது, தட்டினால் நிற்கிறது. அல்லது தட்டினால் ஓடுகிறது

இது டிரை சால்டர், அதாவது காலைச் சரியாகப் பிடிக்காத ஜாயின்ட். கனமான அல்லது சூடாகும் பாகங்களின் கால்களில் தேடுங்கள்: டிரான்ஸ்ஃபார்மர், ரிலே, ஏசி கனெக்டர், ஹீட் சிங்க்கில் நிற்கும் டிரான்சிஸ்டர். தினமும் சூடாகிக் குளிர்ந்து, காலைச் சுற்றி முடிபோல ஒரு வட்டக் கோடு விழுந்திருக்கும். வெறும் கண்ணுக்குச் சாம்பல் வளையம். 10 மடங்கு லென்ஸில் பார்த்துக்கொண்டே மேலிருந்து பாகத்தைப் பல் குத்தும் குச்சியால் மெல்ல நெம்பினால், கால் மட்டும் அசையும், சுற்றியுள்ள ஈயம் அசையாது.

அயர்னை வைத்துப் பழைய ஈயத்தை உருக்கிவிட்டு எடுப்பது பாதி வைத்தியம். பழைய ஈயத்தில் ஃப்ளக்ஸ் மிச்சம் இல்லை, காலின் மேல் படலம் அப்படியே இருக்கும். பம்ப்பால் உறிஞ்சி எடுத்து, காலைச் சுரண்டி, புது ஈயம் போடுங்கள். எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை போர்டில் கை வைக்கும் முன் பெரிய மின்தேக்கியை 60 வாட் குண்டு பல்பு வழியாக இறக்கி, மீட்டரில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கக்கூடும்.

ஈயம் பொரிகிறது, ஜாயின்டில் ஊசி ஓட்டை விழுகிறது

போர்டு ஈரம் குடித்திருக்கிறது. சூடு பட்டதும் ஈரம் ஆவியாகி, உருகிய ஈயத்தைத் துளைத்துக்கொண்டு வருகிறது. மின்விசிறி ரெகுலேட்டர், மிக்ஸி, பழைய டிவியில் வரும் பழுப்பு நிறக் காகித போர்டுகள் பச்சை நிற எஃப்ஆர்4 போர்டுகளைவிட அதிகம் குடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இது தினசரிப் பிரச்சினை. 60 முதல் 70 டிகிரி சூட்டில் சில மணி நேரம் உலர்த்துங்கள். எலக்ட்ரோலிடிக் மின்தேக்கிகள் இருக்கும் போர்டை அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். பிறகு ஓட்டை விழுந்த ஈயத்தை முழுதும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

பேட் கிளம்பி வருகிறது

அதே பழுப்பு போர்டில் செம்பைப் பிடித்திருக்கும் பசை பலவீனம். 5 விநாடிக்கு மேல் பிட்டை வைப்பதும், உருகாத ஈயத்தை அழுத்திச் சுரண்டுவதும், ஈயம் முழுதும் உருகும் முன் பாகத்தை இழுப்பதும் பேடைக் கிளப்பும். கிளம்பிவிட்டால் ஒட்டவைக்க முயலாதீர்கள். அதோடு சேரும் டிராக்கின் பச்சைப் பூச்சை 5 மி.மீ. சுரண்டி, பாகத்தின் காலை மடக்கி அங்கே பற்றவைக்கலாம். எட்டாவிட்டால் மெல்லிய ஒற்றைக் கம்பி.

பக்கத்துப் பக்கத்துக் கால்கள் ஒட்டிக்கொண்டன

ஃப்ளக்ஸ் எரிந்து தீர்ந்த ஈயம்தான் பாலம் கட்டும். மேலே ஃப்ளக்ஸ் தடவி, சுத்தமான பிட்டை இரு கால்களுக்கு இடையே வெளிப்பக்கமாக இழுங்கள். பெரும்பாலும் தானே பிரியும். மிச்சத்துக்கு விக்.

சில வாரத்தில் ஜாயின்டைச் சுற்றிப் பச்சை பூக்கிறது

எல்லாப் பச்சையும் கேடு இல்லை. ரோசின் மிச்சத்துக்குள் கண்ணாடிபோலத் தெரியும் பச்சை, ரோசினும் செம்பும் சேர்ந்தது. பெரிய தீங்கு செய்யாது. வெளிறிய பச்சை அல்லது நீலப் பச்சைப் பொடியாகப் பூத்தால் அது குளோரைடு அரிப்பு. வழி இரண்டு: உப்புக்காற்று, அல்லது ரேடியேட்டரும் தகரமும் பற்றவைக்கும் பேஸ்ட். அந்தப் பேஸ்ட்டில் துத்தநாகக் குளோரைடு இருக்கும். எந்த அழுக்கையும் தின்று ஈயத்தைப் பிடிக்க வைக்கும், பிறகு செம்பையும் தின்னும். போர்டுக்கு ரோசின் ஃப்ளக்ஸ் மட்டுமே.

அந்தப் பேஸ்ட் ஏற்கெனவே பட்டுவிட்டால் முதலில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் அதன் கொழுப்பை எடுங்கள், அடுத்து வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், அடுத்து ஆர்ஓ தண்ணீர், கடைசியாக மறுபடி ஆல்கஹால். ஆல்கஹால் மட்டும் போதாது. குளோரைடு உப்புகள் நன்றாகக் கரைவது தண்ணீரில்.

வெள்ளத்தில் நனைந்த போர்டுக்கும் இதே நியாயம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று இந்தக் கரை அடிக்கடி நனைகிறது. தண்ணீர் வடிந்ததும் வெயிலில் காய வைத்து அப்படியே கரண்ட் கொடுத்துப் பார்ப்பதுதான் பல போர்டுகளைக் கொல்கிறது. உப்பும் சேறும் காய்ந்து டிராக்குகளுக்கு நடுவே அப்படியே இருக்கும். பேட்டரியைக் கழற்றி, டிஸ்பிளேயையும் ஸ்பீக்கரையும் பிரித்து, ஆர்ஓ தண்ணீரிலும் பழைய டூத் பிரஷ்ஷாலும் கழுவி, ஆல்கஹாலில் அலசி, முழுதும் உலர்த்திய பிறகே அயர்னைத் தொடுங்கள். முடிந்ததும் ஈரத்தைத் தடுக்கும் கன்ஃபார்மல் கோட்டிங் ஒரு மெல்லிய பூச்சு. அடுத்தமுறை அந்தப் போர்டில் பற்றவைக்கும்போது பூச்சை முதலில் சுரண்டி எடுங்கள். அயர்னால் எரித்தால் புகையும் கெடுதி, ஜாயின்டும் பிடிக்காது.

படகில் போட்ட ஒயர் ஜாயின்ட் முறிகிறது

ஈயம் முடிந்து வெறும் இழை தொடங்கும் இடத்தில்தான் முறியும். இழைகளுக்குள் ஏறிய ஈயம் ஒயரை அங்கே ஒரு கம்பியாக விறைக்க வைக்கிறது. எஞ்சின் அதிர்வு முழுவதும் அந்த எல்லையில் விழுகிறது. எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ், விஎச்எஃப் வயரிங்கில் கிரிம்ப் லக் போட்டு, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் மாட்டி, ஒரு சாண் தூரத்துக்குள் கிளாம்ப் அடியுங்கள். ஸ்க்ரூ டெர்மினலில் போகும் ஒயர் நுனிக்கும் ஈயம் பூசாதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கிக் கொடுக்கும். சில மாதத்தில் ஸ்க்ரூ லூஸாகிச் சூடேறும். அங்கே ஃபெரூல் (இழைகளைச் சேர்த்து இறுக்கும் சின்ன உலோகக் குழல்).

ஜாயின்ட் நன்றாக இருக்கிறது, புது மாஸ்ஃபெட் மட்டும் செத்துப்போகிறது

சூடான பிட்டில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் அயர்னுக்கு எர்த் இல்லை. லீக்கேஜ் பிட் வழியாகப் பாகத்துக்குள் போகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மீட்டரில் பிட்டுக்கும் மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னுக்கும் அளந்தால் 2 ஓமுக்குள் வர வேண்டும். அது சரியாக இருந்தும் டெஸ்டர் எரிந்தால் சாக்கெட்டில்தான் எர்த் இல்லை; பழைய வீடுகளில் இது சகஜம். எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்யும்வரை, அயர்னை நன்றாகச் சூடாக்கி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிட்டில் தங்கிய சூட்டிலேயே கேட் காலைப் பற்றவையுங்கள். ஒரு சூட்டில் இரண்டு மூன்று கால்கள் முடியும்.